தலைவர்கள் சொல்லும் மருந்து

மருந்து சொல்லாத மனிதர் எங்கள் ஊரில் இல்லை. தடிமன் என்றால் உம்மம்மா கொத்தமல்லியும் இஞ்சியும் அவிப்பார். பக்கத்து வீட்டு மாமி கருஞ்சீரகம் என்பார். கடைக்காரர் பஸ்பங்குவாப் பக்கெற்றை எடுத்து நீட்டுவார். இவர்களின் பேச்சைக் கேட்டு ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணீர் குடிப்பதால் யாருக்கும் பெரிய நட்டம் வராது. சுகம் வராவிட்டால் மறுநாள் வைத்தியசாலைக்குப் போவோம்.

ஆனால் நாட்டின் சுகாதார அமைச்சர் கமெராக்களுக்கு முன்னால் ஒரு போத்தலை வாங்கி, அதிலிருந்ததைக் குடித்துக் காட்டினால் என்ன நடக்கும்? அவர் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. பார்ப்பவர்கள், இது அரசாங்கம் ஏற்றுக்கொண்ட மருந்து என்று முடிவு செய்துவிடுவார்கள். இது கற்பனை அல்ல. நம் இலங்கையில் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்தது. அப்போது நான் ஏழாம் தரத்தில் படித்தேன். இன்று உயர்தரத்தில் உயிரியல் படிக்கும்போது, அந்தச் சம்பவத்தை ஒரு பாடமாகவே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. நிரூபிக்கப்படாத மருந்தைப் பற்றி ஓர் அரசியல் தலைவர் பகிரங்கமாகப் பேசும்போது அவர் தோளில் ஏறும் பொறுப்பு எவ்வளவு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கேகாலைப் பாணி

கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த தம்மிக்க பண்டார என்பவர், கொரோனாவுக்கு ஒரு பாணி கண்டுபிடித்திருப்பதாக அறிவித்தார். தேனும் சாதிக்காயும் அதில் முக்கியமான சேர்மானங்கள். காளி தெய்வம் தனக்கு அறிவித்த மருந்து என்று அவர் சொன்னார். அதைக் குடித்தால் வாழ்நாள் முழுவதும் தொற்று வராது என்ற பேச்சும் பரவியது. அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சியும் ஆளும் கட்சி அரசியல்வாதிகள் சிலரும் அந்தப் பாணியைப் பகிரங்கமாகக் குடித்தார்கள். அதற்கு முந்திய மாதத்தில்தான் அதே அமைச்சர், நோய் நீங்க வேண்டும் என்று மந்திரித்த நீர்க் குடங்களை ஆற்றில் விட்டிருந்தார்.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் அந்தக் கிராமத்தில் கூடினார்கள். கூட்டம் கூடாதீர்கள், ஒரு மீற்றர் இடைவெளி விடுங்கள் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்த காலம் அது. தொற்றைத் தடுக்கும் மருந்து என்று நம்பி, தொற்றைப் பரப்பும் நெரிசலுக்குள் மக்கள் போய் நின்றார்கள். விஞ்ஞான ஆதாரம் எதுவும் இல்லை என்று வைத்தியர்கள் சொன்னது அந்த இரைச்சலில் பலருக்குக் கேட்கவில்லை.

2021 ஜனவரி 23ஆம் திகதி, அமைச்சருக்குக் கொரோனா தொற்று உறுதியானதாகச் செய்தி வந்தது. அவர் தீவிர சிகிச்சை பெற்று, அல்லாஹ்வின் அருளால் குணமடைந்தார். அதைக் கேலி செய்து அப்போது வந்த பகிடிகளில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒருவரின் நோய் பகிடிக்குரிய பொருளல்ல. அது மட்டுமல்ல, அவருக்குத் தொற்று வந்ததை வைத்து மருந்து பொய் என்று முடிவு கட்டுவதும், அவருக்குத் தொற்று வராதிருந்தால் மருந்து மெய் என்று முடிவு கட்டுவதும் ஒரே தவறுதான். ஒரு மனிதரின் அனுபவம் எந்த மருந்துக்கும் சான்றாகாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

குணமடைந்தவர் சாட்சியாவாரா?

நூறு கொரோனா நோயாளருக்கு ஒரு பாணியைக் கொடுத்தோம், அவர்களில் தொண்ணூற்றேழு பேர் சுகமானார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்டவுடன் பெரிய வெற்றி போலத் தெரியும். ஆனால் பாணி குடிக்காத நூறு பேரையும் பார்த்தோமா? அவர்களிலும் தொண்ணூற்றேழு பேர் சுகமாகியிருந்தால் பாணி செய்த வேலை என்ன? கொரோனா போல, பெரும்பாலானோர் தாமாகவே குணமடையும் நோய்களில் எந்தப் பொய் மருந்தும் நல்ல பெயர் வாங்கிவிடும். சுகமான தொண்ணூற்றேழு பேரும் மனமாரச் சாட்சி சொல்வார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்லர். ஆனால் தாங்கள் ஏன் சுகமானோம் என்பது அவர்களுக்கே தெரியாது.

அதனால்தான் மருந்தைச் சோதிப்பவர்கள் நோயாளரை இரண்டு குழுவாகப் பிரிக்கிறார்கள். யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கிறார்கள். ஒரு குழுவுக்கு மருந்து கொடுத்து, மற்றதற்கு வழமையான பராமரிப்பை மட்டும் கொடுத்து, முடிவை ஒப்பிடுகிறார்கள். இந்த எண்ணம் நமக்கு அந்நியமானதும் அல்ல. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இமாம் அர்ராஸி, மூளை உறை அழற்சியின் அறிகுறி கண்ட நோயாளரில் ஒரு பகுதியினருக்கு இரத்தம் வெளியேற்றும் சிகிச்சை அளித்து, இன்னொரு பகுதியினரை வேண்டுமென்றே அப்படியே விட்டு, வித்தியாசத்தைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். இப்னு ஸீனா தமது மருத்துவ நூலில், ஒரு மருந்தைச் சோதிப்பதற்கான விதிகளை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அவர்களுடைய பெயரைப் பெருமையோடு சொல்லும் நாம், அவர்களுடைய முறையையும் எடுத்துக்கொள்ள வேண்டாமா?

சோதிக்க நேரமில்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. பிரித்தானியாவில் ரிகவரி என்ற பெயரில் ஓர் ஆய்வு 2020 மார்ச்சில் தொடங்கியது. அதில் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்ற மருந்தை 1561 நோயாளருக்குக் கொடுத்தார்கள். 3155 பேருக்கு வழமையான சிகிச்சை மட்டும். 28 நாட்களில் மருந்து எடுத்தவர்களில் 27 வீதத்தினரும், எடுக்காதவர்களில் 25 வீதத்தினரும் இறந்தார்கள். ஜூன் 5ஆம் திகதியே, இந்த மருந்தால் பயனில்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதே ஆய்வு ஜூன் 16ஆம் திகதி இன்னொரு முடிவையும் தந்தது. டெக்சாமெதசோன் என்ற விலை குறைந்த பழைய மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளரின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கால் குறைத்தது. மூன்று மாதத்துக்குள் ஒன்றை விலக்கவும் மற்றொன்றை ஏற்கவும் முடிந்திருக்கிறது.

தலைவரின் சொல்லுக்கு ஏன் வேறு எடை?

முதலாவது காரணம் பதவி. உம்மம்மா சொல்வதை அவரது அன்பாக எடுத்துக்கொள்கிறோம். அமைச்சர் சொல்வதை அரசின் தீர்மானமாக எடுத்துக்கொள்கிறோம். அவருக்குப் பின்னால் ஆயிரம் வைத்தியர்கள் பார்த்துச் சொல்லியிருப்பார்கள் என்று நினைப்பது சாதாரண மனிதரின் இயல்பு.

இரண்டாவது காரணம் அனுமதி வழங்கும் கதிரை. நம் நாட்டில் மேற்கத்தேய மருந்துகளுக்கு 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கிறது. சுதேச மருந்துகளுக்கு 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் இருக்கிறது. இவை இரண்டும் சுகாதாரத் துறையின் கீழ் வருபவை. துறையின் தலைவரே ஒரு மருந்தைக் குடித்துக் காட்டிய பிறகு, கீழே இருக்கும் உத்தியோகத்தர் அதே மருந்தைப் பக்கச்சார்பில்லாமல் எப்படிப் பரிசோதிப்பார்? நடுவரே ஓர் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கியது போலத்தான் அது.

மூன்றாவது காரணம் பொய்யான பாதுகாப்பு உணர்வு. தேனும் சாதிக்காயும் உடம்புக்குத் தீங்கு செய்யாமல் போகலாம். ஆனால் பாணி குடித்தவர் முகக்கவசத்தைக் கழற்றிவிடுவார். காய்ச்சல் வந்தாலும் வைத்தியசாலைக்குப் பிந்திப் போவார். தடுப்பூசி எதற்கு என்று கேட்பார். இலங்கைக்கு முதலாவது தடுப்பூசிகள் 2021 ஜனவரி 28ஆம் திகதி வந்து இறங்கின. அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்தான் நாடு முழுவதும் பாணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

ஒரே அமைச்சு, இரண்டு அளவுகோல்

கேகாலையில் மக்கள் வரிசையில் நின்ற அதே வாரத்தில் கொழும்பில் இன்னொன்று நடந்தது. பிறந்து இருபது நாளேயான ஒரு முஸ்லிம் குழந்தையின் ஜனாஸா, பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகத் தகனம் செய்யப்பட்டது. பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டத் தொடங்கினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, எல்லா மதத்தவரும் கட்டினார்கள்.

2020 மார்ச் 31 முதல், கொரோனாவால் இறந்த எவரையும் அடக்கம் செய்யக் கூடாது, தகனமே செய்ய வேண்டும் என்று சுகாதார அமைச்சு விதித்திருந்தது. ஏப்ரல் 11ஆம் திகதி அது வர்த்தமானியாகவும் வந்தது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீரில் கிருமி கலந்துவிடும் என்பதே சொல்லப்பட்ட காரணம். ஆனால் அடக்கம், தகனம் இரண்டுமே செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. சமுதாய மருத்துவர் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் அந்த ஆண்டு மாறிய நாட்களில், அடக்கத்தால் தொற்றுப் பரவும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று அறிக்கை விட்டன. அப்படியிருந்தும் 2021 ஜனவரி 7ஆம் திகதி, தகனக் கொள்கை மாறாது என்று அதே சுகாதார அமைச்சர் பாராளுமன்றத்தில் கூறினார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாணிக்கு ஆதாரமே இல்லை, ஆனாலும் குடித்துக் காட்டினார்கள். அடக்கத்தால் ஆபத்து என்பதற்கும் ஆதாரம் இல்லை, ஆனாலும் தடை செய்தார்கள். முதலாவதில், ஆதாரம் கேட்டவர்கள் சுதேச வைத்தியத்தின் எதிரிகள் ஆனார்கள். இரண்டாவதில், ஆதாரம் கேட்டவர்கள் மதவாதிகள் ஆனார்கள். விஞ்ஞானம் என்ற சொல் இரண்டு இடத்திலும் இருந்தது. விஞ்ஞானத்தின் முறை இரண்டு இடத்திலும் இல்லை. நிரூபிக்கப்படாத மருந்தும் நிரூபிக்கப்படாத பயமும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகள் என்று நான் நினைப்பது இதனால்தான்.

இதன் விளைவு எங்கள் கிளிநொச்சிக் கரை வரைக்கும் வந்தது. 2021 பெப்ரவரியில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரை நடந்த பேரணி கிளிநொச்சி வழியாகவும் சென்றது. அதன் கோரிக்கைகளில் கட்டாயத் தகனத்தை நிறுத்துவதும் ஒன்று. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தே நடந்தார்கள். பெப்ரவரி 25ஆம் திகதி அடக்கத்துக்கு அனுமதி வந்தது. ஆனால் மார்ச் தொடக்கத்தில், அடக்கத்துக்கான இடமாகப் பூநகரிப் பிரதேசத்தின் இரணைதீவு அறிவிக்கப்பட்டது. 1992இல் தீவை விட்டு இடம்பெயர்ந்து, 2018இல்தான் திரும்பிப் போயிருந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்களின் மண் அது. அவர்கள் எதிர்த்தார்கள். அக்கரையில் இருக்கும் நாச்சிக்குடாவில், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பின்னர் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் வாழ்கின்றன. இடம்பெயர்ந்த ஒரு சமூகத்தின் கண்ணீரை, இடம்பெயர்ந்த இன்னொரு சமூகத்தின் நிலத்தில் இறக்கி வைக்கப் பார்த்தார்கள். கடைசியில் மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் நல்லடக்கம் செய்யப்பட்டன.

2024 ஜூலையில் அமைச்சரவை இந்தக் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. பாதுகாப்பான அடக்கத்தால் நீர் மாசடையவில்லை என்று பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டியதையும் அது குறிப்பிட்டது. மன்னிப்பை மதிக்கிறேன். ஆனால் அந்த ஆய்வை முதலில் செய்துவிட்டுச் சட்டத்தைப் பிறகு போட்டிருந்தால் மன்னிப்புக்கு அவசியமே வந்திராது.

பிற நாடுகளின் அனுபவம்

இது இலங்கைக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. தென்னாபிரிக்காவின் ஜனாதிபதியாக இருந்த தாபோ ம்பெக்கி, எயிட்ஸ் நோய்க்கு எச்.ஐ.வி. வைரஸ்தான் காரணமா என்று பகிரங்கமாகச் சந்தேகம் எழுப்பினார். அவருடைய சுகாதார அமைச்சர் உள்ளிப்பூண்டு, பீற்றூட், எலுமிச்சை ஆகியவற்றைப் பரிந்துரைத்தார். நிரூபிக்கப்பட்ட மருந்துகள் அரச வைத்தியசாலைகளுக்கு வருவது தாமதமானது. தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் பரவாமல் தடுக்கும் மருந்தைக் கொடுக்க வேண்டும் என்று 2002இல் நீதிமன்றமே கட்டளையிட வேண்டி வந்தது. அந்தத் தாமதத்தால் 2000 முதல் 2005 வரை 330,000க்கும் அதிகமான உயிர்கள் போயின என்று ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள்.

அமெரிக்காவில் டொனால்ட் ட்ரம்ப் 2020 மார்ச்சில் ஹைட்ரொக்சிகுளோரோகுயினைப் புகழ்ந்தார். மக்கள் அதை வாங்கிக் குவித்ததால், லூபஸ் நோய்க்கு அதையே நம்பியிருந்தவர்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. மார்ச் 28ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவசர அனுமதி ஜூன் 15ஆம் திகதி மீளப் பெறப்பட்டது. இந்தியாவில் 2021 பெப்ரவரி 19ஆம் திகதி, பதஞ்சலி நிறுவனத்தின் கொரோனில் நிகழ்வில் அன்றைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ வர்தன் மேடையில் இருந்தார். இந்திய மருத்துவச் சங்கம் அவரிடம் விளக்கம் கேட்டது. எந்தப் பாரம்பரிய மருந்துக்கும் தாங்கள் சான்றிதழ் கொடுக்கவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்ல நேர்ந்தது.

சுதேச வைத்தியம் தாழ்ந்ததா?

இப்படிப் பேசினால் ஒரு கேள்வி வரும். நம் முன்னோரின் வைத்தியத்தை இழிவுபடுத்துகிறாயா என்று கேட்பார்கள். இல்லை. சீனாவின் து யூயூ அம்மையார், நாலாம் நூற்றாண்டு மருத்துவ நூல் ஒன்றில் இருந்த குறிப்பிலிருந்துதான் மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் மருந்தைக் கண்டெடுத்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரும் தமது மருந்தைத் தாமே குடித்துப் பார்த்தார். ஆனால் ஆய்வுகூடத்தில் விலங்குகளில் சோதித்த பிறகு, மனிதருக்குத் தீங்கு செய்யாதா என்று பார்ப்பதற்காகக் குடித்தார். குணப்படுத்துமா என்பதைத் தொடர்ந்து நோயாளரில் சோதித்தே முடிவு செய்தார். அமைச்சர் குடித்ததற்கும் அவர் குடித்ததற்கும் உள்ள தூரம் அதுதான். பழைய அறிவை உண்மையாக மதிப்பவர் அதைச் சோதனைக்கு அனுப்புவார். சோதிக்காமல் மேடையேற்றுபவர், அது தோற்றுப்போகும்போது நல்ல மூலிகைகளின் பெயரையும் சேர்த்துக் கெடுக்கிறார்.

மக்களுக்கு நம்பிக்கை கொடுப்பது தலைவரின் கடமை என்றும் சொல்வார்கள். உண்மைதான். வன்னி ஒரு காலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்குப் பேர்போன மண். இன்று இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016இல் சான்று பெற்றுவிட்டது. அந்த நம்பிக்கையை எந்தப் பாணியும் தரவில்லை. இரத்தம் எடுத்துப் பரிசோதித்தவர்களும், வீடு வீடாக மருந்து அடித்தவர்களும், நுளம்பு வலை கொடுத்தவர்களும் பல ஆண்டுகள் உழைத்துத் தந்தார்கள்.

தலைவர்கள் செய்ய வேண்டியது

இதற்குப் பெரிய சட்டப் புத்தகம் தேவையில்லை. ஒரு மருந்து சோதிக்கப்படவில்லை என்றால், சோதிக்கப்படவில்லை என்றே சொல்ல வேண்டும். கமெராவுக்கு முன் குடித்துக் காட்டாமல், அந்த மருந்தை ஆய்வுக்கு அனுப்பிவிட்டு முடிவு வரும்வரை பேசாமல் இருக்க வேண்டும். மருந்தைப் பற்றிய கேள்விகளுக்கு வைத்தியர்களை முன்னால் விட வேண்டும். முடிவு எதிராக வந்தால் அதையும் அதே மேடையில், அதே சத்தத்தில் அறிவிக்க வேண்டும். கொரோனாவில் மாத்திரமல்ல, டெங்குவிலும் நாளை வரப்போகும் பெயர் தெரியாத காய்ச்சலிலும் இதுவே பொருந்தும்.

நம் மார்க்கமும் இதில் தெளிவாக இருக்கிறது. மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்தால், விளையும் தீங்குக்கு அவரே பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. ஒவ்வொருவரும் மேய்ப்பர், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்றும் நாம் படித்திருக்கிறோம். ஓர் ஆளின் பராமரிப்பில் ஒரு குடும்பம் இருந்தாலே கேள்வி உண்டு. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்களைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்குக் கேள்வி எவ்வளவு கடினமாக இருக்கும்!

கேட்பவர்களாகிய நமக்கும் வேலை இருக்கிறது. அடுத்த முறை யாராவது ஒரு தலைவர் மருந்தொன்றைத் தூக்கிப் பிடித்தால் நான்கு கேள்விகள் கேட்போம். இதை எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா? அந்த முடிவை யார் சரிபார்த்தார்கள்? இதைச் சொல்பவருக்கு இதனால் ஏதும் இலாபம் உண்டா? பதில் வரும்வரை அந்தச் செய்தியை வட்ஸ்அப்பில் இன்னொருவருக்கு அனுப்பாமல் இருப்பது, உயர்தரம் படிக்கும் நமக்கு அவ்வளவு கஷ்டமான காரியம் அல்ல.

– உயர்தர உயிரியல் பிரிவு மாணவி, கிளிநொச்சி